கொழும்பின் ஃபேஷனைத் தீர்மானித்தது சுங்கம்தான்

சனிக்கிழமை உடுப்பு வாங்கக் கிளம்பும் கொழும்புக்காரர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். புறக்கோட்டை என்பார்கள், வெள்ளவத்தை என்பார்கள், 'எக்ஸ்போர்ட் கடை' என்பார்கள், கொஞ்சம் வசதியானவர்கள் கொள்ளுப்பிட்டியில் ஒரு கைத்தறிக் கடையின் பெயரைச் சொல்வார்கள். எல்லாமே பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரம்தான். ஆனால் இந்த நாலும் நாலு வேறு காலத்துக் கடைகள், ஒவ்வொன்றும் இந்தத் தீவுக்குள் எந்தத் துணி வரலாம், எது வரக்கூடாது, எது வெளியே மட்டும் போகவேண்டும் என்று அந்தந்தக் காலத்தில் யாரோ எடுத்த முடிவில் முளைத்தவை. கொழும்பின் ஸ்டைல் என்று எழுதுகிறவர்கள் வடிவமைப்பாளர்களையும் மொடல்களையும் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. துறைமுகத்தையும் சுங்கத்தையும் பார்த்தால் மிச்சம் தானாகப் புரியும்.

புறக்கோட்டையில் தொடங்கலாம். அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சாமான். செட்டியார் தெருவில் தங்கம், பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் துணி, ரிப்பன், லேஸ், பொத்தான், ஸிப். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான், நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் சீனியும் பருப்பும் மூட்டை மூட்டையாக. டாம் வீதியில் சைக்கிள், கபோஸ் லேனில் வேரும் பட்டையும் காய்ந்த பூவுமாக நாட்டு மருந்து, கொஞ்சம் தள்ளிப் போனால் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப் பாகம். (காலையில் உங்கள் காரிலிருந்து களவு போன கண்ணாடியை மாலையில் அங்கே போய் நீங்களே விலை பேசி வாங்கலாம் என்பது இந்த ஊரின் பழைய பகிடி.) ஒரே சாமானை விற்கும் கடைகள் எதற்காக இப்படி ஒட்டி ஒட்டி இருக்கின்றன, ஒன்றின் வியாபாரத்தை மற்றது கெடுக்காதா என்று புதிதாக வருகிறவர்கள் யோசிப்பார்கள். இது சில்லறை வாங்குகிறவருக்காக அமைந்த சந்தை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அட்டனிலிருந்தும் இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து இறங்கும் ஊர்க் கடை முதலாளி, பகலுக்குள் நாலு இடத்தில் விலை கேட்டு, கடனுக்குப் பேசி, மூட்டையை லொறியில் போட்டுவிட்டுத் திரும்பிப் போகவேண்டும். அவருக்கு எல்லாத் துணிக் கடையும் ஒரே தெருவில் இருப்பதுதான் லாபம். விற்கிறவருக்கும் பக்கத்துக் கடைக்காரர் சரக்கு இல்லாத நேரத்தில் கைகொடுப்பார். கப்பலில் வந்த சரக்கு துறைமுகத்திலிருந்து கைவண்டியில் வந்து சேரும் தூரத்தில் இது எல்லாம் அமைந்தது. இன்றும் 'பாரம் பாரம்' என்று கத்திக்கொண்டு மூட்டை தூக்கும் நாட்டாமிமார் வண்டியோடு வந்தால் ஒதுங்கி நிற்பது நாம்தான்.

இந்தத் தெருக்களை நடத்தியவர்கள் யார் என்று பார்த்தால் இந்தியப் பெருங்கடலின் பாதி இருக்கும். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், போரா முஸ்லிம்கள், மேமன்கள், சிந்திகள், தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்கள், இலங்கைச் சோனகர். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது, வேலை தொடங்கியது 1908இல். இப்போது வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுக்க வரும் இடமாகிவிட்டது. துணியும் இந்த ஆட்களின் பாதையிலேதான் வந்தது. ஆண்கள் இன்றைக்கும் வீட்டில் உடுக்கும் கட்டம் போட்ட சாரத்தில் 'பளையகாட்' என்று ஒன்று உண்டு, அதன் பூர்வீகம் சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு. பத்திக் சாரத்துக்கு ஜாவா, மலாய்க்காரர்கள். 'நம்முடைய உடுப்பு' என்று நாம் நினைப்பதில் கப்பலேறி வராதது குறைவு.

பக்கத்தில் இருக்கும் கோட்டைப் பகுதிக்குள் போனால் கதை வேறு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1875இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1885இல் அது முடிந்ததும் காலித் துறைமுகத்தின் காலம் போய்விட்டது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் போகிற கப்பல்கள் எல்லாம் இங்கே நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் நின்றன, நின்ற நேரத்தில் பயணிகள் இறங்கி நடந்தார்கள், அவர்களுக்காக யோர்க் வீதியில் கடைகள் எழுந்தன. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனம் 1906இல் கட்டிய சிவப்புக் கட்டடம் அந்தக் காலத்துச் சின்னம். வெயில் படாமல் நடக்க வளைவு வளைவாகக் கட்டிய நடைபாதை இன்றும் இருக்கிறது. தோட்டத் துரைமாருக்கும் அவர்களைப் பார்த்து உடுத்திய உள்ளூர்க் கனவான்களுக்கும் தொப்பியும் கோட்டும் சப்பாத்தும் கிடைத்தது இந்தப் பக்கம். கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் நடுவே நடந்து போக ஐந்து பத்து நிமிடம்தான், ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஒருவருடைய வர்க்கம் தெரிந்துவிடும்.

எந்த உடுப்பு யாருக்கு உரியது என்ற சண்டையும் அப்போதுதான் சூடு பிடித்தது. 1905ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள், என் கணக்கில் கொழும்பு உடை வரலாற்றில் மிகவும் சுவாரசியமான வருடம் அதுதான். அந்த வருடம் எம். சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் அப்புக்காத்து துருக்கித் தொப்பியோடு வாதாடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. துருக்கித் தொப்பி இலங்கைச் சோனகரிடம் பரவியதே அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். எகிப்தில் கிளர்ச்சி செய்து தோற்ற அராபி பாஷாவை ஆங்கிலேயர் 1883இல் இங்கே நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள், 1901 வரை அவர் இலங்கையில் இருந்தார், அவர் தலையில் இருந்தது மெல்ல இங்குள்ளவர்களின் தலைக்கும் வந்தது. அதைக் கழற்று என்றபோது 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது, கடைசியில் தொப்பி வென்றது. இலங்கையில் முஸ்லிம்கள் ஓர் அரசியல் சமூகமாகத் திரண்டதில் இந்தத் தொப்பிக்குப் பெரிய பங்கு உண்டு. கொழும்பில் பிறந்த தமிழரான கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, அதே 1905இல் ஐரோப்பிய உடையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும் நம்மவர்களைச் சாடி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். மறுபக்கம் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால, கவுனும் தொப்பியும் போடாமல் சேலை உடுங்கள் என்று சிங்களப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் அரசியல் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனோ தலைப்பாகையை விடவே இல்லை. யோசித்துப் பாருங்கள், கரையோரச் சிங்களப் பெண்களிடம் சேலை பரவலானதற்கு வயது ஒரு நூற்றாண்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இன்று அதைத் தொன்றுதொட்டு வந்தது என்று மேடையில் பேசுகிறார்கள்.

சரி, சுதந்திரத்துக்குப் பிறகு. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியதும் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது, 1970க்கும் 1977க்கும் இடையில் அது உச்சத்துக்குப் போனது. பாணுக்கு வரிசை நின்ற கதையை எல்லோரும் சொல்வார்கள், துணிக்கும் வரிசை இருந்ததை ஏனோ மறந்துவிடுகிறார்கள். அரசாங்கத்தின் சலுசல கடையிலும் கூட்டுறவுச் சங்கக்கடையிலும் வந்த துணிதான் துணி. நிறம் பிடிக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை, ஒரே கட்டுத் துணியில் ஒரு குடும்பம் முழுக்கச் சட்டை போட்டு நின்ற படங்கள் பல வீட்டு அல்பங்களில் கிடக்கின்றன.

இந்தப் பஞ்சத்துக்குள்தான் உள்ளூர்க் கைவேலை தலைதூக்கியது. பார்பரா சன்சோனி 1964இல் பேர்ஃபுட் கடையைத் தொடங்கினார். கன்னியாஸ்திரிகள் கிராமத்துப் பெண்களுக்கு நெசவு பழக்கினார்கள், அவர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுத்ததில் தொடங்கியது அது. காலி வீதியில் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் கடைக்குள் போனால், அந்த மஞ்சளும் ஊதாவும் பச்சையும் அடுத்தடுத்து நிற்கும் துணிதான் முதலில் கண்ணில் அடிக்கும். பின்பக்க முற்றத்தில் கஃபே, ஒரு மர நிழல், ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜாஸ் வாசிப்பு. விலை அதிகம், அதை மறைத்து என்ன பயன். எனா டி சில்வா பத்திக்கைக் கையில் எடுத்ததும் இதே காலம், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டையில் கட்டிய ஹோட்டலின் உட்கூரையை அவருடைய பத்திக் துணி மூடியது. வெளித் துணி வராத நாட்டில், கையில் இருக்கும் வெள்ளைப் பருத்தியில் மெழுகும் சாயமும் வைத்தால் புதிதாக ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கச் சுற்றுலாப் பயணியும் வருகிறார். அறுபது எழுபதுகளில் பத்திக் ஓடியதற்கு ரசனை பாதிக் காரணம் என்றால் தட்டுப்பாடு மறுபாதி. 2020இல் பத்திக்குக்கும் கைத்தறிக்கும் தனியாக ஓர் இராஜாங்க அமைச்சே உருவாக்கினார்கள். செலாவணி நெருக்கடி வரும்போதெல்லாம் நமக்குப் பத்திக் ஞாபகம் வரும்.

1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. அடுத்த வருடமே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இன்று கொழும்பில் வேலைக்குப் போகும் ஒரு இளைஞரின் அலுமாரியைத் திறந்தால் இருப்பதில் பெரும்பகுதிக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

1974 முதல் 2004 முடியும்வரை உலகில் துணி வியாபாரம் கோட்டா முறையில் நடந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை ஆடைதான் எடுப்போம் என்று எல்லை போட்டிருந்தன. ஹொங்கொங், கொரியா போன்ற இடங்களில் அந்த எல்லை நிரம்பிவிட்டதால் அங்குள்ள முதலாளிமார் கோட்டா மிச்சமுள்ள நாடுகளைத் தேடினார்கள், இலங்கை அதில் ஒன்று. 1992இல் பிரேமதாச அரசாங்கம் நாடு முழுக்க 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்று திட்டம் போட்டது. இன்றும் இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான்.

இப்போது மிச்சத்தைப் பாருங்கள். பத்தாயிரம் ஷேர்ட்டுக்கு ஓடர் வந்தால் தொழிற்சாலை சரியாகப் பத்தாயிரம் வெட்டாது. தையல் பிசகியது, சாயம் ஒத்துவராதது என்று சில கழியும் என்பதால் கொஞ்சம் கூட்டியே வெட்டும். கழிந்தது போக நல்லவையும் மிஞ்சும். சில நேரம் கப்பல் தவறி, வாங்குகிறவர் முழு ஓடரையும் வேண்டாம் என்பார். ஏற்றுமதிக்கென்று தீர்வை இல்லாமல் வந்த துணி என்பதால் அதை உள்ளூரில் விற்க அனுமதியும் வரியும் வேண்டும், பிராண்டுக்காரரும் தன் பெயரோடு விற்க விடமாட்டார். அதனால்தான் கழுத்துப் பட்டி வெட்டப்பட்டோ கறுப்பு மையால் கோடு இழுக்கப்பட்டோ இருக்கும். இந்த மிச்சத்தை வைத்தே கொழும்பில் ஒரு முழு வியாபாரம் எழுந்தது. ஒடாரா குணவர்தன எண்பதுகளின் இறுதியில் காரின் பின்பெட்டியில் இத்தகைய உடுப்பை வைத்து விற்கத் தொடங்கியதுதான் பிறகு அலெக்சாண்ட்ரா பிளேஸில் ஒடெல் என்ற பெரிய கடையானது, 2014இல் அது வேறு குழுமத்தின் கைக்குப் போனது. புறக்கோட்டை நடைபாதையிலிருந்து பெரிய மாடிக் கடைகள்வரை இதே சரக்குத்தான் வேறு வேறு விலையில் கிடந்தது.

இதனால் நடந்த வேடிக்கை என்னவென்றால், இந்த வெயிலில் கொழும்புக் கடைகளில் பனிக்கால ஜாக்கெட் தொங்கும். வாங்குகிறவர் யார்? அடுத்த மாதம் கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவர். அங்கே போய் பல மடங்கு கொடுத்து வாங்குவதை, தைத்த ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகிறார். எக்ஸ்போர்ட் உடுப்பு வாங்கும்போது பட்டியில் இருக்கும் அளவை நம்பவேண்டாம், போட்டே பாருங்கள். காற்சட்டை என்றால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறு வேறு துணிச் சுருளில் வெட்டியிருந்தால் நிறத்தில் மெல்லிய வித்தியாசம் தெரியும். ரிஜெக்ட் ஆனதற்குப் பல நேரம் அதுதான் காரணம். அதோடு, 'ஒரிஜினல் எக்ஸ்போர்ட்' என்று சொல்லிச் சீனச் சரக்கை நீட்டுவதும் இப்போது சாதாரணம்.

தமிழர்களுக்கு இந்தத் திறந்த பொருளாதாரக் கதையின் நடுவே 1983 ஜூலை இருக்கிறது. தமிழ் முதலாளிமாரின் துணி ஆலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் எரிக்கப்பட்டன, ஹென்ட்லி போன்ற அன்றைய பெரிய ஏற்றுமதி நிறுவனம் உட்பட. புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் போயின. கொம்பனித் தெருவில் ரியோ, நவா திரையரங்குகள் தீக்கிரையாயின. பல வருடம் கழித்து அந்த எரிந்த கட்டடத்திலேயே சமகாலக் கலைக் கண்காட்சி வைத்தார்கள். ஆடை ஏற்றுமதி வளர்ந்த வரலாற்றைச் சொல்லும் அழகான வரைபடங்களில் இந்த வருடம் ஒரு சின்னச் சறுக்கலாகக்கூடத் தெரிவதில்லை. ஆனால் எழுபதுகளில் முன்னணியில் இருந்த தமிழ்ப் பெயர்கள் அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் மெலிந்துபோனது தற்செயல் இல்லை.

மோல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. லிபர்ட்டி பிளாசா, மஜெஸ்டிக் சிட்டி, பிறகு 2019இல் காலிமுகத்திடலுக்கு எதிரே ஒன்று வந்தது. குளிரூட்டி இருக்கிறது, கழிப்பறை சுத்தம். பழைய கட்டடத்தில் புதுக் கடை வைக்கும் மோகம்தான் கொஞ்சம் பார்க்கத் தக்கது. ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரி 2011இல் உணவகங்களாகவும் கடைகளாகவும் திறந்தது. குதிரைப் பந்தயத் திடலின் பார்வையாளர் மாடியும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் அந்தத் திடல் விமான ஓடுபாதையாக இருந்தது. சுதந்திர சதுக்கத்துப் பக்கம் 2014இல் திறந்த ஆர்கேட் ஒரு காலத்தில் மனநோயாளர் விடுதி, பிறகு கணக்காய்வாளர் திணைக்களம், இப்போது சப்பாத்தும் ஐஸ்கிரீமும்.

வெள்ளவத்தைக்கு வருவோம். ரயிலில் வந்தால் கடல் ஓரமாகவே வரலாம், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் அதுவே பாதி உலா. இங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த நூற்பு நெசவு ஆலை ஒன்று இருந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் முதன்முதலில் தொழிலாளரோடு சேர்ந்து நின்றார்கள். அந்த ஆலைக் காணியில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிவீடுகளும் ஒரு மோலும். துணி நெய்த இடத்தில் துணி விற்கிறார்கள், துணி மட்டும் வேறு நாட்டிலிருந்து வருகிறது.

காலி வீதியின் இரண்டு பக்கமும் சேலைக் கடை, நகைக் கடை, பூக்கடை, நடுநடுவே தோசைக் கடை. சேலை வருவது பெரும்பாலும் சென்னை, காஞ்சிபுரம், சூரத், பெங்களூர். கப்பலில் வருவதைவிட விமானத்தில் பெட்டி பெட்டியாக வந்த காலம் ஒன்றும் உண்டு, காலையில் போய் இரண்டு நாளில் திரும்பும் பயண வியாபாரிகளின் காலம். சென்னையில் ஒரு படத்தில் பிரபலமான சேலை இரண்டு கிழமைக்குள் இங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது அதனால்தான் முடிந்தது. போர் தொடங்கியபின் வடக்கு கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெருகி, வெளிநாட்டுப் பணமும் வரத் தொடங்கியதும் கல்யாண வியாபாரம் முழுக்க இங்கே திரண்டது. மாப்பிள்ளை டொரன்டோவில், பெண் பரிஸில், மண்டபம் கொழும்பில் என்றால் கூறைச் சேலையும் தாலிக்கொடியும் வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும்தான்.

அரசாங்கம் உடுப்புக்குள் கைவைப்பதும் நின்றுவிடவில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது, அரச ஊழியப் பெண்கள் சேலை அல்லது கண்டிப் பாணிச் சேலையான ஒசரிதான் உடுக்கவேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பிப் போனது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது நிலைமை தலைகீழ். விலைவாசியைப் பார்த்து அரச ஊழியர் வசதியான, ஒழுங்கான உடை எதுவும் உடுக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அதே வருடம் நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போனார்கள், நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. நாளாந்தம் ஒரு சேலை மாற்றி உடுக்க எவ்வளவு செலவாகும் என்ற எளிய கணக்கை அவர்கள் சொன்னபோது, பண்பாடு என்று பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் காற்சட்டை போட்டிருந்தார்கள்.

அப்புறம், நடைமுறைக்கு. புறக்கோட்டைக்குச் சனிக்கிழமை காலை போங்கள், ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் கடைகள் பெரும்பாலும் பூட்டு, நடைபாதை வியாபாரம் மட்டும் இருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். துணியைக் கெய்சர் வீதியில் எடுத்து வெள்ளவத்தையில் தைக்கக் கொடுப்பதுதான் இன்னும் மலிவான வழி. ஆனால் ஜூலை, ஓகஸ்ட்டில் வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கும் காலம், ஆடிவேல் திருவிழாவும் அப்போதே. அந்த நேரத்தில் தையல்காரர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் எந்த வெள்ளிக்கிழமை என்று திகதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.